புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டுமா?

அறிவியல் கேள்வி–பதில் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கண்புரையையும் முதுமையையும் பற்றியவை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் எதனால் ஆனது, அதன் பவரை எப்படிக் கணிக்கிறார்கள், வயதானவருக்கு அறுவை சிகிச்சை தேவையா என்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், அவற்றையே இவ்விதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 72. இரு கண்களிலும் புரை தொடங்கியிருக்கிறது, அறுவை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் கூறுகிறார். "புரை நன்றாக முற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும், அவசரப்படாதே" என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். புரை முற்ற வேண்டும் என்ற நிபந்தனை இன்றைய அறுவை முறைக்குப் பொருந்தாது. பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிப்பதிலோ, அரிசியில் கல் பொறுக்குவதிலோ, இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சமாளிப்பதிலோ தங்கள் தாயாருக்குத் தொல்லை ஏற்பட்டு, கண்ணாடியை மாற்றியும் அது தீரவில்லை என்றால், அறுவைக்கு அதுவே போதுமான காரணம்.

ஆனால் உறவினர்களின் பேச்சை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. முன்பெல்லாம் விழிலென்ஸை அதன் உறையோடு முழுதாக எடுத்துவிடுவார்கள்; மாற்று லென்ஸ் எதுவும் வைக்கப்படாது. அதற்கு ஈடாகப் பத்து டயாப்டர் (லென்ஸின் பவரை அளக்கும் அலகு) அளவிலான 'சோடாபுட்டி'க் கண்ணாடியை ஆயுள் முழுவதும் அணிய வேண்டியிருந்தது. அதன் வழியே பார்த்தால் பொருள்கள் ஏறத்தாழக் கால் பங்கு பெரிதாகத் தெரியும், ஓரங்கள் வளையும், படியில் கால் வைக்கும் இடம் தவறும். ஓரளவு மங்கிய சொந்த லென்ஸைவிட அந்தக் கண்ணாடி மோசமாக இருந்ததால், பார்வை ஏறக்குறையப் போகும்வரை பொறுத்திருப்பதே அன்றைக்குச் சரியான அறிவுரை. அந்தக் காரணம் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அறிவுரை மட்டும் குடும்பங்களில் நீடிக்கிறது.

புரை என்பது கண்ணின் மேல் படரும் சவ்வு என்று பலர் எண்ணுகிறார்கள். லென்ஸே மங்குவதுதான் புரை. அது ஏன் மங்குகிறது என்று கேட்பதற்கு முன், அது எப்படித் தெளிவாக இருந்தது என்று கேட்க வேண்டும்; என் மனத்தில் வியப்பை மிகுதியாக எழுப்புவது அந்தக் கேள்விதான். லென்ஸில் இரத்தக் குழாய் இல்லை. அதன் நார் செல்கள் முதிரும்போது, ஒளியின் பாதையில் குறுக்கிடக்கூடிய உட்கரு முதலியவற்றைத் தாமே அழித்துவிடுகின்றன. மிஞ்சுவது கிரிஸ்டலின் எனப்படும் புரதங்களின் அடர்ந்த கரைசல். லென்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதமே. இவ்வளவு புரதம் செறிந்த கரைசல் வெளுத்துத்தானே தெரிய வேண்டும்? அப்படித் தெரியாததற்குக் காரணம் நெருக்கம். மூலக்கூறுகள் மிக நெருங்கி, ஓர் ஒழுங்கான இடைவெளியில் அமைந்திருப்பதால், அவை சிதறடிக்கும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நேராகச் செல்லும் ஒளி மட்டும் விழித்திரையை அடைகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பெனடெக் 1971இல் இத்தகைய விளக்கத்தை முன்வைத்தார். டெலாய், தார்தியூ ஆகிய இருவரும் 1983இல் சோதனை வழியாக அதற்கு வலுச் சேர்த்தனர்.

லென்ஸின் நடுப்பகுதியில் உள்ள புரதம் நாம் கருவில் இருந்தபோது உருவானது. தோலையும் இரத்தத்தையும் போல அது புதுப்பிக்கப்படுவதில்லை. தங்கள் தாயாரின் லென்ஸுக்குள் இருப்பது அவருடைய வயதுக்குச் சமமான பழைய பொருள். (கிரீன்லாந்துச் சுறாவின் ஆயுளை 2016இல் கணக்கிட்டதும் இந்த அடிப்படையில்தான். லென்ஸின் நடுவிலிருந்த கதிரியக்கக் கார்பனை அளந்து, ஆய்வில் இருந்த மிகப் பெரிய சுறாவின் வயது ஏறத்தாழ 392 என்றும், அது 120 ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் கூறினார்கள்.) காலமும் வெயிலின் புறஊதாக் கதிரும் நீரிழிவும் புகைப்பழக்கமும் நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்தும் அந்தப் புரதத்தைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. சிதைந்த புரதங்கள் திரண்டுவிடாமல் ஆல்ஃபா கிரிஸ்டலின் என்ற ஒருவகைப் புரதம் பிடித்துவைக்கிறது. ஜோசப் ஹார்விட்ஸ் 1992இல் கண்டறிந்த செய்தி இது. அதன் கையிருப்பு தீரத் தீர, முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெளுப்பதைப் போலப் புரதங்கள் திரள்கின்றன. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்குத் திரள்கள் பருத்ததும் ஒளி சிதறிப் பார்வை மங்குகிறது. இதைக் கரைத்துவிடும் என்று விற்கப்படும் சொட்டு மருந்து எதையும் நம்பிக் காலத்தைக் கடத்த வேண்டாம்.

முற்ற விடுவதில் தீங்கும் உண்டு. புரை இறுக இறுக, அதை உடைக்கக் கூடுதலான அல்ட்ராசவுண்ட் ஆற்றல் தேவைப்படும். கருவிழியின் (கார்னியா) உட்புறத்தில் உள்ள, மீண்டும் பெருகாத செல்களை அது பாதிக்கும். அளவுக்கு மீறி முற்றினால் லென்ஸின் புரதம் நீர்மமாகிக் கசிந்து, கண்ணின் அழுத்தத்தை ஏற்றி, கடும் வலியோடு பார்வையைப் பறித்துவிடவும் கூடும்.

கேள்வி: உள்ளே வைப்பது பிளாஸ்டிக் லென்ஸ் என்கிறார்கள். அது உடலுக்குள் கெட்டுப்போகாதா? மதுரையில் செய்த லென்ஸ் போதுமா, இறக்குமதி லென்ஸ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: கெட்டுப்போகாது. அந்த நம்பிக்கையின் தொடக்கம் ஒரு போர்விமானத்தில் இருக்கிறது. 1940 ஆகஸ்டில் கார்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானியின் ஹரிக்கேன் விமானம் சுடப்பட்டு, அதன் மேல்மூடி நொறுங்கியதில் துண்டுகள் அவருடைய கண்களுக்குள் பாய்ந்தன. மூடி அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனது. கண்ணுக்குள் புகுந்த அந்நியப் பொருளைச் சுற்றி அழற்சி கிளம்புவதே வழக்கம். இந்தத் துண்டுகளோ ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கிடந்தன. அதைக் கவனித்த லண்டன் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, அதே வகைப் பொருளால் லென்ஸ் செய்வித்து, 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார். கண்ணுக்குள்ளிருந்து அந்நியப் பொருளை எடுப்பதே மருத்துவரின் வேலையாக இருந்த காலத்தில், அதை உள்ளே வைப்பதைத் துறையின் பெரியவர்கள் பல ஆண்டுகள் கடுமையாக எதிர்த்தனர். ரிட்லிக்கு 'சர்' பட்டம் கிடைத்தது 2000இல், அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டில்.

ரிட்லியின் பொருள் விறைப்பானது. 100 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் இளகும். எனவே லென்ஸின் அகலத்துக்கு, அதாவது 5, 6 மில்லிமீட்டருக்கு, கண்ணைத் திறக்க வேண்டும். பின்னர் வேதியியலாளர்கள் அக்ரிலிக்கின் மூலக்கூறு அமைப்பை மாற்றி, இளகும் வெப்பநிலையை அறை வெப்பநிலையின் அருகே கொண்டுவந்தார்கள். அதனால் லென்ஸைச் சுருட்டி, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை வழியே செலுத்த முடிகிறது. உடலின் வெப்பத்தில் அது மெதுவாக விரிந்து தன் இடத்தில் அமர்கிறது. நாம் 'மடக்கு லென்ஸ்' என்பது இதைத்தான். புறஊதாக் கதிரை உறிஞ்சும் மூலக்கூறும் அதிலேயே கோக்கப்படுகிறது.

மதுரை லென்ஸைப் பற்றித் தாங்கள் தயங்க வேண்டியதில்லை. 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியும் அவருடைய குழுவினரும் சந்தித்த பெரிய தடை லென்ஸின் விலைதான். இறக்குமதி லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்ற நாளில், ஏழைகளுக்கு அதே சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதியாக இருந்தது. 1992இல் அவர்கள் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், விலையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அதன் பொருள்கள் செல்கின்றன. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன ஒரு மருத்துவர், அந்த விரல்களாலேயே அறுவை செய்யப் பழகி, இப்படியொரு நிறுவனத்தை எழுப்பினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

லென்ஸ் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைவிட, எந்த வகை என்பதையே மருத்துவரிடம் கேளுங்கள். ஒரே தூரத்துக்கான லென்ஸ் தெளிவான பார்வையைத் தரும். படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். பல தூரங்களுக்கான லென்ஸ் ஒளியைப் பங்கிட்டு அனுப்புவதால் கண்ணாடித் தேவை குறையும். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் தெளிவு சற்றுக் குறைந்து, இரவு விளக்குகளைச் சுற்றி வளையங்கள் தெரியலாம். விலை அதிகம் என்பதாலேயே ஒரு லென்ஸ் எல்லாக் கண்ணுக்கும் சிறந்ததாகிவிடாது. விழித்திரை நோயோ கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்குப் பல தூர லென்ஸைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: புரை அறுவைக்குப் பிறகு தூரப்பார்வைக்குக் கண்ணாடியே தேவைப்படாது என்றார்கள். என் கணவருக்கு மீண்டும் மைனஸ் 0.75 கண்ணாடி எழுதித் தந்திருக்கிறார்கள். கணக்கில் தவறு நேர்ந்துவிட்டதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தவறு நேர்ந்தது என்று இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. லென்ஸின் பவர் அளந்து பெறும் எண் அன்று. கணித்துப் பெறும் எண். இதைத் தெளிவாக அறிந்துகொண்டால் பல மனக்கசப்புகளைத் தவிர்க்கலாம்.

அறுவைக்கு முன் இரண்டு அளவுகளை எடுக்கிறார்கள்: கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு. சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப் என்ற மூவர் 1980 வாக்கில், முன்பே அறுவை செய்துகொண்ட ஏராளமானோரின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து ஓர் எளிய சூத்திரத்தை வகுத்தனர். லென்ஸ் வகைக்குரிய மாறிலியிலிருந்து, கண்ணின் நீளத்தை 2.5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கருவிழி வளைவின் திறனை 0.9ஆல் பெருக்கி அதையும் கழிக்க வேண்டும். மாறிலி 118.4, கண்ணின் நீளம் 23.5 மில்லிமீட்டர், கருவிழியின் திறன் 44 டயாப்டர் என்று வைத்துக்கொள்வோம். 118.4இலிருந்து 58.75ஐயும் 39.6ஐயும் கழித்தால் 20.05, ஆக, 20 டயாப்டர் லென்ஸ். மிகக் குட்டையான கண்களிலும் மிக நீண்ட கண்களிலும் இது பிழைபடுவதால் இப்போது மேம்பட்ட சூத்திரங்களைப் பயன்படுத்துகிறார்கள். கணினி தானே கற்றுக்கொள்ளும் முறைகளும் வந்துவிட்டன. இருப்பினும், முன்னவர்களின் கண்களிலிருந்து இந்தக் கண்ணைக் கணிப்பது என்ற அடிப்படை மாறவில்லை.

நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் முடிவில் இரண்டரை டயாப்டர் அளவுக்குப் பிசகும் என்பது மேற்கண்ட கணக்கிலேயே தெரிகிறது. அதைவிடக் கடினம், புதிய லென்ஸ் உறைக்குள் எந்த ஆழத்தில் போய் நிலைகொள்ளும் என்பது. அதை யாராலும் முன்கூட்டி அளக்க முடியாது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவைக்காக 2009இல் முன்மொழியப்பட்ட தர அளவுகோலில், நூற்றுக்கு 85 பேருக்குக் கணிப்பிலிருந்து ஒரு டயாப்டருக்குள்ளும், 55 பேருக்கு அரை டயாப்டருக்குள்ளும் முடிவு அமைந்தால் போதும் என்று கூறப்பட்டது. இன்று நல்ல மையங்கள் இதைத் தாண்டிவிட்டன. தங்கள் கணவரின் முக்கால் டயாப்டர் அந்த ஒரு டயாப்டர் எல்லைக்குள்தான் இருக்கிறது. மேலும், சிறிது மைனஸ் பக்கம் நிற்குமாறு சில மருத்துவர்கள் வேண்டுமென்றே இலக்கு வைப்பதும் உண்டு. என்ன இலக்கு வைத்தார்கள் என்று கேளுங்கள்; மற்றொரு கண்ணுக்கு அறுவை பாக்கி இருந்தால், முதல் கண்ணின் முடிவை வைத்து இரண்டாம் கணிப்பைத் திருத்திக்கொள்ளவும் வழியுண்டு. "கண்ணாடியே தேவைப்படாது" என்று உறுதி கூறியவர்தான் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்.

கேள்வி: எடுத்த புரை மறுபடியும் வளருமா?
– வாசகர், தருமபுரி

பதில்: வளராது. ஆனால் லென்ஸைத் தாங்கும் பழைய உறையின் பின்புறத்தில் எஞ்சிய செல்கள் படர்ந்து, சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ பார்வை மீண்டும் மங்கலாம். லேசர் கதிரால் அந்த உறையில் சிறு சாளரம் திறந்தால் போதும். சில நிமிட வேலை, கத்தி வைப்பதில்லை.

கேள்வி: இந்தியரின் சராசரி ஆயுள் 70 என்று படித்தேன். என் தந்தைக்கு வயது 78. "இனி எதற்கு எனக்கு அறுவை? வந்த நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்கிறார். எப்படி எடுத்துச் சொல்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்தக் கடிதம் எங்களை மிகவும் பாதித்தது. இப்படித் தவறாகப் புரிந்துகொண்ட ஓர் எண்ணால் எத்தனையோ முதியவர்கள் இருட்டில் அமர்ந்திருக்கிறார்கள்.

2016–20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுத் திட்டத்தின்படி இந்தியரின் எதிர்பார்ப்பு ஆயுள் 70.0. இது பிறக்கும் குழந்தைக்கான எண். அந்தந்த வயதில் இன்று நிலவும் இறப்பு விகிதங்கள் அப்படியே நீடித்தால், இப்போது பிறக்கும் குழந்தைகள் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்பதே அதன் பொருள். 2020இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமல் மறைந்தன. அந்த இழப்பும், விபத்திலும் பிரசவத்திலும் நடுவயதில் போனவர்களின் இழப்பும் சேர்ந்துதான் சராசரியை 70க்கு இழுத்துவைத்திருக்கின்றன. தங்கள் தந்தை அந்தக் கண்டங்கள் எல்லாவற்றையும் கடந்து வந்தவர். 70 வயதை எட்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர்களுக்குச் சராசரியாக இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆயுள் இருக்கிறது. 78 வயதிலும் எதிர்பார்ப்பு சுழியமாகிவிடுவதில்லை; சில ஆண்டுகள் நிச்சயம் உண்டு, நலமாக இருப்பவருக்கு அது கூடும்.

ஆயுள் காப்பீட்டுக் கணக்கரான பெஞ்சமின் காம்பர்ட்ஸ், வயது ஏற ஏற இறப்பு வாய்ப்பு ஒரே விகிதத்தில் பெருகுவதை 1825இல் கண்டார். ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. இதுவும் கூட்டத்துக்கான விதி. தனியொருவரின் நாளை அது குறித்துத் தராது. கண்ணில் மரத்துப்போகும் மருந்து மட்டும் விட்டு, வந்த அன்றே வீடு திரும்பும் இந்த அறுவைக்கு உச்ச வயது என்று ஒன்று வகுக்கப்படவில்லை. பேரக்குழந்தையின் முகம் தெரிவதும், இரவில் கழிவறைக்குத் துணையின்றிச் செல்வதும், செய்தித்தாளைத் தாமே படிப்பதும் எத்தனை ஆண்டுக்குக் கிடைத்தாலும் பயன்தான் என்று தந்தையிடம் சொல்லுங்கள். அறுவை செய்துகொண்ட பலர், வீட்டுச் சுவர் வெள்ளையாக இருப்பதையே மறந்திருந்ததாகக் கூறுவார்கள். மஞ்சளித்த பழைய லென்ஸ் நீல ஒளியை அவ்வளவு காலம் தடுத்துவைத்திருந்ததே காரணம்.

கேள்வி: மனித ஆயுள் கூடிக்கொண்டே போகும் என்று சிலரும், எல்லையை எட்டிவிட்டோம் என்று சிலரும் எழுதுகிறார்கள். எது சரி?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: எல்லை வகுத்தவர்கள் பலமுறை தோற்றிருக்கிறார்கள். அமெரிக்கரான லூயி டப்ளின் 1928இல், சராசரி ஆயுள் 64.75 ஆண்டைத் தாண்டாது என்று கணக்கிட்டார்; நியூசிலாந்தின் மாவோரி அல்லாத பெண்கள் அதை 1921லேயே தாண்டியிருந்தனர். உலகின் மிக உயர்ந்த பெண்கள் ஆயுள், 1840 முதல் ஆண்டுக்கு மூன்று மாதம் வீதம் ஏறிவந்திருப்பதை ஓப்பன், வாப்பல் இருவரும் 2002இல் காட்டினர். ஜப்பானில் 1963இல் 153 ஆக இருந்த நூறு வயதினரின் தொகை, 2023இல் 92,139. ஆனால் நீண்ட ஆயுள் உள்ள நாடுகளில் 1990க்குப் பிறகு ஏற்றத்தின் வேகம் தணிந்திருப்பதாக ஜெய் ஒல்ஷான்ஸ்கி குழுவினர் 2024இல் காட்டியதும் வலுவான ஆய்வே. குழந்தை மரணத்தைத் தடுத்தபோது கிடைத்த பெரிய லாபம் இனிக் கிடைக்காது என்பதால், தணிவு தொடரும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: கண்புரை அறுவை செய்துகொண்டால் மறதி நோய் வராது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
– ஓய்வுபெற்ற செவிலியர், தஞ்சாவூர்

பதில்: "வராது" என்பது மிகை, பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 65 வயதைக் கடந்த 3,038 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. முடிவு 2022இல் வெளியானது. இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். நல்ல உடல்நலமும் தெளிவான மனமும் உள்ளவர்களே அறுவைக்கு முன்வந்திருக்கலாம். அப்படியானால் மனத்தெளிவு காரணம், அறுவை விளைவு என்று தலைகீழாகிவிடும். ஆய்வாளர்கள் இதை உணர்ந்து, பார்வையை மீட்டுத் தராத கண் அழுத்த நோய் அறுவை செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டார்கள். அவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. இது ஐயத்தைக் குறைக்கிறது, முழுதாகப் போக்கவில்லை. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோயின் தவிர்க்கத்தக்க காரணிகளில் திருத்தப்படாத பார்வைக் குறைவையும் சேர்த்திருக்கிறது.

கீழே விழுவதைப் பற்றிய சான்று இதைவிட உறுதியானது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 70 வயதைக் கடந்த 306 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உடனேயும் மற்றவர்களுக்கு வழக்கமான காத்திருப்புக்குப் பிறகும் முதல் கண்ணில் அறுவை செய்தனர். உடனே செய்துகொண்டவர்கள் விழுந்த வீதம் 34 விழுக்காடு குறைவு என்று 2005இல் அறிவித்தனர். குலுக்கலால் பிரித்ததால், நலமுள்ளவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்ற ஐயத்துக்கு இங்கே இடமில்லை. அந்தச் செய்தியை அனுப்பியவருக்குப் பதில் எழுதுவதானால் இந்த ஆய்வைக் குறிப்பிடுங்கள். இடுப்பு எலும்பு முறிந்து வரும் மூதாட்டிகளைச் செவிலியராகத் தாங்கள் பார்த்திருப்பீர்கள்.